துணைக்குப் படித்தவள்

அந்த வீட்டில் நர்சிங் படிக்க ஆசைப்பட்டவள் மருமகள். பணம் கட்டியதென்னவோ மகளுக்காக. தனியாகப் போய்ப் படிக்கமாட்டேன் என்று மகள் அடம்பிடித்ததால், "சரி, அண்ணியும் கூடப் போகட்டும், துணைக்காச்சு" என்று மாமியார் முடிவு சொன்னார். சட்டைத் துணி எடுக்கும்போது கூடவே பொத்தானும் வாங்குவதுபோல மருமகளுக்கும் ஓர் இடம் வாங்கினார்கள். இதை அவள் மறந்ததில்லை. மறக்க அவர்கள் விட்டதும் இல்லை. யாராவது விசாரித்தால், "பொண்ணு நர்சிங் படிக்கிறா, மருமகளும் கூடப் போறா" என்பார் மாமியார். படிப்பவள் ஒருத்தி, போகிறவள் ஒருத்தி.

மருமகளின் கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நாளில் தூங்குவான், இல்லாத நாளில் போனில் "சாப்பிட்டாச்சா" என்பான். வீட்டில் நடக்கிற எதிலும் அவன் தலையிட்டதில்லை. ஆகவே வீடு என்பது மூன்று பெண்கள்தான். பல்கலைக்கழகத்தை ஒட்டியே அதன் ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் மாமியாருக்கு வேலை. இளம் வயதில் விதவையாகி அங்கே நுழைந்தவர், ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கியே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். பிளீச்சிங் பவுடரில் ஊறிய விரல்கள் நுனியெல்லாம் உரிந்து, வெங்காயம் உரித்தால் எரியும். அதனால் வெங்காயம் உரிப்பது மருமகள் பாடு.

வேலை முடிந்து வந்து, காலை நீட்டிச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தால் மாமியாருக்குப் பேச ஒரு ஆள் வேண்டும். மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கூடத்தில் கிடப்பாள். மருமகளுக்கு வேறு வழியில்லை, அடுப்பை விட்டு எங்கே போவது. கேட்டுக்கொள்வாள். முதலில் வேண்டாவெறுப்பாகக் கேட்டாள். பிறகு அவளுக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது.

"இன்னிக்கும் லிஃப்ட் படுத்துடுச்சு."

"அப்ப எப்படி அத்தை மேல கொண்டு போனீங்க?"

"எப்படின்னா? தோள்லதான். சில பேரு சொல்லுவாளுங்க, சிவப்பு வண்டி சாய்வுப் பாதைல ஏறுது இல்ல, அதுலயே ஏத்திடலாம், கீழ ஒரு போர்வையை விரிச்சா போச்சுன்னு. சிவப்பு வண்டின்னா என்ன தெரியுமா? ரத்தம், சீழு, எல்லாம் வர்ற வண்டி. அதுல வெளுத்த துணியை ஏத்தறதா? அறுத்துத் தைச்ச உடம்புல போடற துணி. என் உசிரே போனாலும் செய்ய மாட்டேன்."

"மூட்டையா கட்டியா தூக்கிட்டுப் போவீங்க?"

"ஆமா. அதுலயும் மத்தவங்க கட்டினா நாலு நுனியும் முயல் காது மாதிரி வெளிய நிக்கும். படியில இழுபட்டு மறுபடி அழுக்காகும். நான் உள்ள செருகிடுவேன். மூட்டையைப் பாத்தாலே சொல்லிடுவாங்க, இது யாரு கட்டினதுன்னு."

கூடத்திலிருந்து மகளின் குரல் வரும். "அம்மா, சாப்பாடு ஆச்சா இல்லையா?"

பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவருக்கு மாணவிகள் வைத்த பெயர் அப்புறம் மேடம். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நடந்தது சரி. அப்புறம்?" என்பார். அதாவது, உங்களுக்குள் என்ன நடந்தது, அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று அர்த்தம். சுயசிந்தனைக் கட்டுரை என்று அதற்குப் பெயர். அறிக்கை என்பது வேறு. "அறிக்கைல உங்க மனசு எனக்கு வேண்டாம். எங்க, எப்போ, என்ன, யார் பாத்தா. அவ்வளவுதான்" என்பார். பாதிப் பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டு திண்டாடினார்கள். அறிக்கையில் அழுதார்கள், கட்டுரையில் வெப்பநிலையைக் குறித்தார்கள்.

மருமகளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஒரு நோயாளியாகவோ நோயாளியின் பக்கத்திலோ நீங்கள் இருந்த அனுபவத்தை எழுதுங்கள் என்று மேடம் சொன்னபோது அவள் உட்கார்ந்து எழுதினாள். கல்யாணமான மறு வருடம், வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த பிள்ளை இதே ஆஸ்பத்திரியில் கலைந்துபோனது. நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அடுத்தது பாத்துக்கலாம்" என்று போய்விட்டாள். தரை துடைக்க வந்த பெண்தான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல், அழுகை நிற்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதை எழுதி முடிக்க மருமகளுக்கு ஒரு வாரம் ஆனது. அந்தப் பெண் கையைப் பிடித்து நின்றதைக் கணவனிடம்கூட அவள் சொன்னதில்லை.

வீட்டில் இருவருக்கும் ஒரே லேப்டாப். வகுப்பில் மேடம், "ரொம்ப நல்லா வந்திருக்கற ஒண்ணை வாசிக்கிறேன்" என்று ஆரம்பித்தபோது மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் வரி அவளுடையது. இரண்டாம் வரியும் அவளுடையது. மூன்றாம் வரியில் 'என் அண்ணி' என்று வந்தது. துடைப்பம் பிடித்த பெண்ணைக் காணோம். அவள் இடத்தில் நாத்தனார் நின்றாள். அண்ணியின் கையை அழுகை நிற்கும்வரை பிடித்துக்கொண்டது நாத்தனாராம். ஒரு நர்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கேதான் அவளுக்குப் புரிந்ததாம். அந்த நேரத்தில் உண்மையில் அவள் வராந்தாவில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு உள்ளே கேட்டது.

வகுப்பே கண்ணைத் துடைத்தது. மருமகள் மட்டும் நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேடம் இருவரையும் கூப்பிட்டார். கட்டுரைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நாத்தனாருடையதை முதலில் தொட்டுக் காட்டினார். "முதல்ல வந்தது இது. ரெண்டு நாள் கழிச்சு வந்தது அது. யார் யாரைப் பாத்து எழுதினது? நாளைக்குள்ள எனக்குத் தெரியணும்."

வீட்டில் நாத்தனார் அழுது தீர்த்தாள். மாமியார் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"நீ எழுதினதாவே இருக்கட்டும். வேற ஒண்ணு எழுதிக் கொடுத்துடேன். உனக்கு எழுத வருது. அவளுக்கு வரலை."

"அது என் குழந்தையைப் பத்தினது அத்தை."

"எனக்கும் பேரப்பிள்ளைதானே அது? வீட்டு விஷயம், வீட்ல இருக்கறவதானே எடுத்தா. வெளியாளா எடுத்துட்டான்?"

"அவ என் கையைப் பிடிச்சதா எழுதியிருக்கா."

"பிடிச்சிருப்பா. உனக்கு நினைவில்லாம இருக்கும், நீ இருந்த நிலைமைல."

இதற்கு மேல் என்ன பேசுவது. மறுநாள் மேடம் முன்னால் மருமகள் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காதவள்தான் குற்றவாளி என்று ஆயிற்று. மேடம் அவளுக்குப் பூஜ்யம் போட்டு, "பயிற்சி அறிக்கைல இந்த மாதிரி நடந்தா வருஷமே போயிடும். அது நோயாளிங்க சம்பந்தப்பட்டது. எல்லாருக்கும்தான் சொல்றேன்" என்றார். எல்லாருக்கும் என்று சொன்னாலும் மருமகளைப் பார்த்துத்தான் சொன்னார். வெளியே வந்ததும் நாத்தனார், "தேங்க்ஸ் அண்ணி" என்று கையைப் பிடித்தாள். அப்போதுதான் முதல்முதலாகப் பிடித்தாள்.

அன்றிலிருந்து மருமகள் கறுவிக்கொண்டே இருந்தாள். சோறு வடிக்கும்போதும் கறுவினாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போதும் கறுவினாள். வெளியே பார்த்தால் பழைய அண்ணிதான். சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும். போடாததால் உள்ளேயே கிடந்து புளித்தது.

வார்டில் பயிற்சி தொடங்கியது. கடைசியில் ஆளுக்கொரு அறிக்கை கொடுக்க வேண்டும், கண்ணால் பார்த்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி. ஒரு புதன்கிழமை நாத்தனார் காய்ச்சல் என்று வார்டில் சொல்லிவிட்டு, வீட்டில் வார்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சிநேகிதிகளோடு சினிமாவுக்குப் போனாள். அதைப் பார்த்ததும் மருமகளுக்கு யோசனை வந்தது. பசியோடு இருக்கிறவனுக்குச் சாப்பாட்டு வாசனை வருமே, அப்படி வந்தது.

தன் அறிக்கையை அவள் நூலகத்தில் இருந்த கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்துவிட்டாள். வீட்டு லேப்டாப்பில் வேறொன்று எழுதினாள். நடக்காத ஒரு நிகழ்ச்சி. தேதி, அந்தப் புதன்கிழமை. நாத்தனார் இதைத் தூக்கிக் கொடுப்பாள், நீ லீவில் இருந்த நாளில் எப்படிப் பார்த்தாய் என்று மேடம் கேட்பார், அவள் முகத்தில் ஈயாடாது. இவ்வளவுதான் கணக்கு.

ஆனால் பொய்யை நம்பும்படி எழுத வேண்டுமே. நம்பும்படி எழுதத் தெரிந்தது எதுவோ அதுதான் வந்தது. 'லிஃப்ட் பழுதாகியிருந்தது. சலவைக்கூட ஊழியர் ஒருவர், அழுக்குத் துணிக்கான சிவப்பு வண்டியில் ஒரு போர்வையை விரித்து, அதன்மேல் வெளுத்த துணி மூட்டைகளை ஏற்றி, சாய்வுப் பாதை வழியாக அறுவை சிகிச்சை வார்டுக்குக் கொண்டுவந்தார். மூட்டைகளின் நுனிகள் உள்ளே செருகப்பட்டிருந்தன.' கை தானாக ஓடியது. எழுதி முடித்து வாசித்தபோது, மேடமே குறை சொல்ல முடியாது என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதில் இருப்பது மாமியார்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. மேடம் முதல் வரியிலேயே தேதியைப் பார்த்துவிடுவார், மீதியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தள்ளிவிட்டாள்.

எதிர்பார்த்தபடியே நாத்தனார் எடுத்தாள், தேதியைக்கூடக் கவனிக்கவில்லை. மேடம்தான் எதிர்பார்த்தபடி தேதியைப் பார்க்கவில்லை. நோயாளிகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பிவிட்டார். நிர்வாகமும் எழுதியவள் அன்றைக்கு எங்கே இருந்தாள் என்று தேடவில்லை, எழுதப்பட்டவள் யார் என்று தேடியது. கீழே இருக்கிறவர்களைத் தேடுவது எப்போதுமே சுலபம்.

மாமியார் அன்று முகம் கழுவாமல் வந்து உட்கார்ந்தார். மருமகள் தட்டு வைத்தாள். சோறும் பருப்பும் அவித்த முட்டையும்.

"என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. சிவப்பு வண்டில நான் துணி ஏத்தினேனாம். யாரோ படிக்கிற பொண்ணு பாத்து எழுதிக் கொடுத்திருக்கா."

"யாரும்மா அவ?" என்றாள் நாத்தனார், முட்டையை இரண்டாகப் பிட்டுக்கொண்டே. "அவளைச் சும்மா விடக் கூடாது. கண்டதையும் எழுதுவாளா?"

"பேரு சொல்லலை. நாளன்னைக்கு எல்லாரையும் வச்சு விசாரிக்கப் போறாங்களாம். மூட்டை நுனியை உள்ள செருகியிருந்துதுன்னு எழுதியிருக்கா. அதை வச்சுத்தான் சூப்பர்வைசர் என் பேரைச் சொல்லிட்டான்."

"எந்த வண்டிம்மா?"

"சிவப்பு வண்டி."

நாத்தனாரின் கை தட்டிலேயே நின்றது. மருமகள் பருப்பை ஊற்றிக்கொண்டே அதைப் பார்த்தாள். இந்த முகத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். நிதானமாக, ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள்.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு நாத்தனார் வந்து நின்றாள்.

"அண்ணி, லேப்டாப்ல ஒண்ணு இருந்துதே. நீங்கதானே எழுதினீங்க?"

"எது?"

"சிவப்பு வண்டி."

"அது நீ எழுதினது இல்ல? நான் கேள்விப்பட்டது அப்படித்தான்."

"அது எங்க அம்மான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சுப் பாத்துக் கொடுக்க வேண்டியதுதானே."

"படிச்சேன். படிச்சுத்தான் கொடுத்தேன். யாரோன்னு நினைச்சேன்."

மருமகள் கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெற்ற தாயைப் பற்றிப் படித்து, யாரோ என்று நினைத்திருக்கிறாள். திட்டம் போட்டிருந்தால்கூட இப்படி ஒரு பழிவாங்கல் அமைந்திருக்காது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

விசாரணை நிர்வாக அதிகாரியின் அறையில். அதிகாரி, சலவைக்கூட சூப்பர்வைசர், மேடம் மூவரும் மேஜைக்கு அந்தப் பக்கம். ஒரே வார்டில் பயிற்சி என்பதால் மருமகளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி அறிக்கையை உரக்க வாசித்தார். மாமியார் மகளைப் பார்க்கவில்லை. நுனிகள் செருகப்பட்டிருந்தன என்ற இடம் வந்ததும் தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவங்க உங்க பொண்ணாமே?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க."

"பெத்த பொண்ணே எழுதியிருக்கான்னா பொய்யா இருக்காது. ஏம்மா, நீ கண்ணால பாத்தியா?"

நாத்தனாருக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. இல்லை என்றால் காப்பியடித்தது தெரிந்து வருடம் போகும். ஆமாம் என்றால் அம்மாவுக்கு வேலை போகும். மருமகள் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்லு, ஏதாவது ஒன்றைச் சொல்லு என்று மனசுக்குள் விரட்டினாள்.

"பாத்தேன்" என்றாள் நாத்தனார், மேஜையைப் பார்த்து.

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமியார் எழுந்துவிட்டார். "எழுதினது சரிதாங்க. நான்தான் ஏத்தினேன். தோள் வலி, முடியலை."

நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். மேடம் போகும்போது நாத்தனாரின் முதுகைத் தட்டி, "கஷ்டம்தான். ஆனா தைரியமான அறிக்கை" என்றார். அந்தத் தட்டலில்தான் மருமகளுக்கு எல்லாம் வெறுத்துப்போனது. இந்த முறையும் அவள் தப்பித்துவிட்டாள். இந்த முறையும் வேறொருத்தி வாயை மூடிக்கொண்டு தண்டனை வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் தன் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள். மாமியார் சமையலறைத் தரையில் எப்போதும் போல் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"வாசிக்க ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுது, இது அவ எழுதினது இல்லன்னு."

மருமகள் அடுப்பைப் பற்றவைத்தாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

"நான் எந்தக் கட்டடத்துல வேலை செய்யறேன்னே அவளுக்குத் தெரியாது. நுனியைச் செருகறதெல்லாம் உனக்குத்தான் சொன்னேன். இத்தனை வருஷமா உங்கிட்டதான் சொல்லிட்டிருந்தேன்."

"உங்களை நினைச்சு எழுதலை அத்தை. அவளை நினைச்சுதான் எழுதினேன்."

"உசிரே போனாலும் செய்ய மாட்டேன்னு நான் சொன்னதையே செஞ்சேன்னு எழுதியிருக்கே. வேற பொய்யே கிடைக்கலையா உனக்கு?"

"கிடைக்கலை."

"ஹும்."

"என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே. நுனி விஷயம் மருமகளுக்குத்தான் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

"சொன்னா நீ எழுதினது அவகிட்ட எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க. அவ படிப்பு போயிடும். எனக்கென்ன, எங்கயாவது துணி துவைச்சுப் பொழைச்சுக்குவேன்."

மருமகள் தம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "என் கட்டுரை போனப்ப எனக்காக யாரும் இப்படி எழுந்து நிக்கலையே அத்தை."

மாமியார் தேநீரை எடுத்து ஊதினார். கோபமே இல்லாமல், பொழுதைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "நீ என் வயித்துல பொறக்கலையே."

திட்டு வாங்கியிருந்தால் மருமகள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்கவில்லை.

காலையில் அவள் மேடத்தின் அறைக்குப் போனாள். ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொண்டுபோயிருந்தாள். எங்கே, எப்போது, என்ன, யார். லேப்டாப்பில் பொய் எழுதியது மருமகள், எடுத்துக் கொடுத்தது நாத்தனார், தேதியன்று நாத்தனார் லீவு, வார்டு வருகைப் பதிவில் பார்க்கலாம். பழைய கட்டுரையும் தன்னுடையது, கையைப் பிடித்தது தரை துடைத்த பெண், அவள் இன்னும் மூன்றாம் வார்டில்தான் வேலை செய்கிறாள், கேட்டுக்கொள்ளலாம். ஒரு இடத்திலும் அழவில்லை, ஒரு வார்த்தை கூடவும் இல்லை. வகுப்பில் கேட்டபடி சுத்தமான அறிக்கை.

மேடம் இரண்டு முறை படித்தார். "உங்களுக்கும் வருஷம் போகும். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

வருகைப் பதிவைப் பார்த்தார்கள். மூன்றாம் வார்டில் கேட்டார்கள். நாத்தனாருக்கு வருடம் போனது, முதல் கட்டுரைக்கும் சேர்த்துப் பெயர் கெட்டது. மருமகளுக்கும் வருடம் போனது. மாமியாரை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனார் அறையை விட்டு வெளியே வரவில்லை. மாமியார் வேலைக்குப் போகிற உடுப்பில் வாசலில் நின்று மருமகளைக் கூப்பிட்டார்.

"வேலையை வாங்கிக் கொடுத்துட்டேன்னு நினைச்சுக்காத. எம் பொண்ணுக்காக நான் போட்ட கையெழுத்து அது. என் கையெழுத்தை நீ அழிச்சிருக்கே."

"பொய்க் கையெழுத்துதானே அத்தை."

"பொய்தான். எனக்கு அது போதுமா இருந்துது."

அவர் போய்விட்டார். அன்று திரும்பி வந்ததும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

அடுத்த வருடம் மறுபடி சேர வேண்டுமென்றால் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் மேடம். ஏன் வந்து உண்மையைச் சொன்னேன் என்பதுதான் தலைப்பு. அவர் அறையிலேயே, மேஜையின் மறுபக்கம் மருமகள் உட்கார்ந்து எழுதினாள். 'செய்யாத தவறுக்கு என் மாமியார் வேலையை இழப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை' என்று ஆரம்பித்தாள். படித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. இதற்கும் வகுப்பு கண்ணைத் துடைக்கும்.

அதைக் குறுக்கே அடித்தாள். கீழே எழுதினாள்: 'நாத்தனார் தப்பித்துவிட்டாள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாமியாருக்கு வேலை திரும்பக் கிடைத்தது நல்லதுதான், ஆனால் அதற்காக நான் வரவில்லை. அவர் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால், அவள் மாட்டியிருந்தால், நான் வாயே திறந்திருக்கமாட்டேன். மாமியார் வேலை போனாலும் சும்மாதான் இருந்திருப்பேன். நாத்தனார் அழுகிற சத்தம் இப்போதெல்லாம் என் அறைக்குக் கேட்கிறது. எனக்கு இன்னும் நிறைவாகவே இருக்கிறது. சமையலறையில்தான் பேச்சு நின்றுவிட்டது. அது மட்டும் தாங்கவில்லை.'

மேடம் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம் என்று அவர் கேட்கவில்லை.

"இதை வகுப்புல வாசிக்க முடியாதே" என்றார்.

"வேண்டாம் மேடம். ஆனா இதை யாரும் தன்னோடதுன்னு சொல்லிக்க மாட்டாங்க."